பத்தொன்பதாவது பலகை

என் தம்பி செல்வத்தின் காரில் முன்கதவு உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப்பிடியை இழுத்துத்தான் இறங்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் மூன்று இடத்தில் நிறுத்தினான். மூன்று இடத்திலும் அப்படித்தான் இறங்கினேன்.

"சரி பண்ண நேரமில்லக்கா. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்சன் முடியட்டும்" என்றான். அந்த வாரம் அவனுக்கு எல்லாமே வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்தான்.

செல்வம் கப்பலூரில் முருங்கை இலையைக் காயவைத்து, அரைத்து, பொட்டலம் போடும் சின்னத் தொழிற்சாலை வைத்திருக்கிறான். ஷெட் என்றுதான் சொல்லுவான். இருபத்திரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டு வியாபாரி ஒருவர் பொடியை வாங்கச் சம்மதித்திருந்தார். வாங்குவதற்கு முன் ஆள் அனுப்பி ஷெட்டைச் சோதிப்பாராம். எதெல்லாம் செய்யக் கூடாது என்று சுவரெங்கும் இங்கிலீஷில் பலகை தொங்கினால்தான் சோதனையில் தேறும் என்று யாரோ இவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத்தான் சிங்கப்பூரிலிருந்து என்னை வரவழைத்தான்.

கல்யாணமாகிப் போய் அங்கே பதினாறு வருடமாகத் துப்புரவு வேலை பார்க்கிறேன். ஆரம்பத்தில் கையில் துடைப்பம், இப்போது சூப்பர்வைசர் அட்டை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முக்கால்வாசி, நான் துடைத்த பலகைகளிலிருந்து வந்தது. முதலில் துடைத்தேன், அப்புறம்தான் படிக்கக் கற்றேன்.

பசுமலையில் ஒரு கடையில் கறி தோசை வாங்கிக் கொடுத்தான். சிங்கப்பூரில் அதே பெயரில் விற்பதைத் தின்று பழகிய நாக்குக்கு, இதைத் தின்றதும் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் எதைக் காசு கொடுத்துத் தின்றேன் என்ற கோபம். நான் தின்ன, அவன் செல்போனைப் பார்த்துப் பட்டியல் படித்தான். பூ வைக்கக் கூடாது. வளையல் கூடாது. நகச்சாயம் கூடாது. செருப்போடு உள்ளே வரக் கூடாது. எச்சில் துப்பக் கூடாது. எண்ணினேன், பத்தொன்பது.

"கடைசி ஒண்ணு, புது பாத்ரூமுக்கு. விருந்தாளிக்கு மட்டும்னு போட்டாப் போதும்" என்றான்.

சாயங்காலம் ஷெட்டைப் பார்த்தேன். வாசல் பக்கம் புதுக் கழிவறை. வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, இரண்டு குழாய். பெண்களுக்கு உள்ளது பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. தாழ்ப்பாள் கிடையாது, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முற்பகலோடு தண்ணீர் நின்றுவிடும். வீட்டுக்குப் போக வேன் ஏறிய பெண்களின் கையில் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தேன். காலையில் கொண்டுவந்த தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது. குடித்தால் போக வேண்டும், அதனால் யாரும் குடிப்பதில்லை.

கழிவறையைப் பார்த்தே ஒரு கட்டடத்தின் யோக்கியதையைச் சொல்லிவிடுவேன் என்று சிங்கப்பூரில் பீற்றிக்கொள்பவள் நான். அன்றைக்கு எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி வீட்டு விருந்தாளியாக இருப்பது சுகமாக இருந்தது.

மறுநாள் நாகமலை புதுக்கோட்டைக்குப் போனோம். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஆய்வேடு அச்சடிக்கும் கடை ஒன்று. கடைக்காரர் ஜெயபால் இங்கிலீஷ் எம்.ஏ. கொஞ்ச காலம் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு, அது சோறு போடாது என்று கடை வைத்தவர். பலகையும் அவரே செய்து தருவார்.

"மொதல்ல எந்த வார்த்தைன்னு முடிவு பண்ணுங்க" என்றார். "நாட் அலவ்டுன்னா வீட்டுல அம்மா சொல்ற மாதிரி. புரொஹிபிடெட்னா கவர்மெண்ட் சொல்ற மாதிரி, பின்னாடியே அபராதம் வரும். ஃபர்பிடன்னா சாமி சொல்ற மாதிரி."

"அப்ப சாமி சொல்றதையே போட்டுருங்க சார்" என்றான் செல்வம்.

"பூ வைக்கிறதுக்கெல்லாம் சாமியக் கூப்பிடாதய்யா. கோயிலுக்குப் போனா அவருக்கே பூதான்."

சிரித்தோம். நேரம் போனது தெரியவில்லை. சிங்கப்பூர் ரயிலில் டுரியான் பழம் கொண்டுவராதே என்பதற்கு ஒரே ஒரு 'நோ'தான் என்று நான் சொன்னேன். பலாப்பழத்துக்கு அண்ணன் மாதிரி, நாற்றம் ஊரைக் கூட்டும் என்று விளக்கினேன். ஜெயபால் ஆவலாகக் கேட்டார். என் தம்பி, "எங்கக்கா அங்க சூப்பர்வைசர் சார். அவுகளுக்குக் கீழ நாப்பது பேரு" என்றான். இருபத்தாறு பேர்தான். நான் திருத்தவில்லை. எம்.ஏ. படித்தவரோடு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றிச் சரிக்குச் சரியாகப் பேசுகிறேன் என்ற எண்ணம் எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

பத்தொன்பதாவதற்கு வந்தோம். "விசிட்டர்ஸ் ஒன்லின்னு போட்டுருவோம்மா. கௌரவமா இருக்கும்" என்றார் ஜெயபால்.

"ஒன்லி எல்லாம் யார் காதுலயும் ஏறாது சார். யார் வரக் கூடாதோ அவங்களைச் சொல்லணும். ஒர்க்கர்ஸ் ஸ்ட்ரிக்ட்லி புரொஹிபிடெட்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஸ்ட்ரிக்ட்லி வேணுமா?"

"வேணும்."

இதை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. செல்வமே கேட்கவில்லை. சிங்கப்பூர் போன புதிதில், ஒரு கட்டடத்தில் வாடிக்கையாளர்களுக்கான லிஃப்டுக்குப் பக்கத்தில் துப்புரவாளர்களுக்கு 'நாட் அலவ்டு' என்று ஒரு பலகை இருந்தது. இரண்டு வருடம் தினமும் அதைத் துடைத்தேன். துடைக்கும்போதெல்லாம் திட்டினேன். அதை மாட்டியவனைவிட நான் மேலே போய்விட்டேன். அவன் அம்மா மாதிரிச் சொன்னான், நான் அபராதம் போடுகிற கவர்மெண்டைக் கூட்டிவந்தேன்.

வியாழக்கிழமை பலகைகள் ஏறின. பெண்கள் எழுத்துக்கு மேலே குறுக்குக் கோடு போட்டிருந்த படங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "பூ வைக்கக் கூடாது, வளையல் போடக் கூடாதுங்கிறாய்ங்க. புருசன வச்சுக்கலாமான்னு கேட்டுச் சொல்லுங்கடி." இன்னொருத்தி, "அவனுக்கும் ஒரு போர்டு அடிக்கச் சொல்லு, எங்க வீட்டு வாசல்ல மாட்டுறேன்" என்றாள்.

புதுக் கழிவறைப் பலகையில் மட்டும் படம் இல்லை. பள்ளிக்கூடம் போய் நின்றுவிட்ட சின்னப் பெண்கள் இரண்டு பேர் எழுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். "ப்ரோ... ப்ரோகி..." என்று அந்த நீள வார்த்தையில் மாட்டிக்கொண்டு விட்டுவிட்டார்கள். 'நாட் அலவ்டு' என்று இருந்திருந்தால் படித்திருப்பார்கள்.

அப்போதுதான் பாண்டியம்மா என்னிடம் வந்தாள். என் வயதுதான் இருக்கும். பேரையூருக்கு அந்தப் பக்கமிருந்து வேனில் வருகிறவள். இலையில் காம்பு கிள்ளுவதில் அவளுக்கு இணையில்லை என்று செல்வமே சொல்லியிருந்தான். பலகையைக் காட்டி, "இதுல என்னக்கா எழுதிருக்கு? தமிழ்னா படிச்சுருவேன்" என்றாள்.

என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். "ஒண்ணுமில்ல. சுத்தமா வச்சுக்கணும்னு எழுதியிருக்கு" என்றேன்.

"அது சரிதேன். இம்புட்டு அழகாக் கட்டிட்டு நாறவிட்டா எப்புடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை சோதிக்க வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். மெதுவான ஆள், கையில் அட்டை, எல்லாவற்றுக்கும் ஒரு டிக். செல்வம் அவருக்குப் பின்னால் பருத்திப்பால் டம்ளரோடு அலைந்தான். பலகைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். புதுக் கழிவறைக்கு முன்னால் வந்து நிற்கும்போது கதவு திறந்தது. பாண்டியம்மா வெளியே வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். ஒரு கையில் வாளி, ஒரு கையில் பிரஷ்.

செல்வத்தின் முகம் வெளிறியது. வந்தவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏனுங்கம்மா, இந்த போர்டைப் பாக்கலீங்களா?"

"பாத்தேன்யா. சுத்தமா வச்சுக்கணும்னு போட்டுருக்கு. நீர்க்கடுப்பு, தண்ணி நெறையாக் குடிக்கச் சொன்னாக டாக்டரு. அவசரத்துக்குப் போனேன். போனதுக்குக் கழுவி விட்டுட்டு வாரேன்."

"சுத்தமா வச்சுக்கணும்னு யாருங்க சொன்னது?"

அவள் கண் என்மேல் வந்தது. நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். 'நான்தான் சொன்னேன்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் தரையைப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது.

"யாரும் சொல்லலய்யா. நானா நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அவர் கார் வாசலைத் தாண்டியதும் செல்வம் கத்தினான். "நாளையிலருந்து வராத. ஆர்டர் போயிருந்தா என்ன பண்ணுவேன்?"

"அண்ணே, ஒடம்புக்கு முடியலண்ணே."

"இருபத்தியோரு பேருக்கு வராதது ஒனக்கு மட்டும் வருதாக்கும்!"

வாளியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள். வேன் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. நெடுஞ்சாலை வரைக்கும் நடந்தே போனாள். செல்வம் எல்லோருக்கும் பிரியாணி வாங்கினான். நானும் சாப்பிட்டேன். அதையும் எழுத வேண்டும். நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை செய்தி வந்தது. சோதனையில் தேறிவிட்டான், ஆனால் ஒரு நிபந்தனை: எல்லாப் பலகையும் வேலை செய்கிறவர்களுக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும். செவ்வாய்க்குள் தமிழிலும் மாட்டிப் படம் அனுப்ப வேண்டும். "இதென்ன பெரிய வேலை, திங்கக்கிழமை ஜெயபால் சார்ட்ட போவோம்" என்றான் செல்வம். நான் அவன் கணக்குப்பிள்ளையிடம் பாண்டியம்மாவின் ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கல்லுப்பட்டிக்கு முன்னால் பஸ் செருமி நின்றுவிட்டது. "எல்லாரும் எறங்குங்க, தள்ளணும்" என்றார் கண்டக்டர்.

"பொம்பளைகளுமா?"

"ஓசியிலதான ஏறுனீங்க?"

"யோவ், ஏத்துனது சர்க்காரு. அவுகளக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லு" என்று ஒரு கூடைக்காரம்மா சொன்னார். சொல்லிவிட்டு முதல் ஆளாக இறங்கித் தள்ளினதும் அவர்தான். நானும் தள்ளினேன். பஸ் அசையவில்லை. அடுத்த பஸ் வர ஒரு மணி நேரம். சீமைக்கருவேல நிழலில் உட்கார்ந்து, கூடைக்காரம்மாவிடம் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி, மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றேன். பழக்கதோஷத்தில் கொண்டுபோன ஒரு லிட்டர் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தேன்.

அரை மணியில் அடிவயிறு முட்டியது. சிங்கப்பூரில் எந்த மாடியில் எந்தப் பக்கம் கழிவறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இங்கே கண்ணுக்கெட்டிய வரை கரிசல் காடு, ரோட்டோரம் முழுக்க ஆண்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நின்றேன். பேரையூரில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினேன். அது ஒவ்வொரு பள்ளத்தையும் தேடிப் போய் இறங்கியது.

பாண்டியம்மா வீட்டு வாசலில் கடலைச் செடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். நான் பேச வாயைத் திறப்பதற்குள், "பஸ்ஸுல வந்தீகளாக்கா? மொதல்ல அங்கிட்டுப் போயிட்டு வாங்க" என்று வீட்டின் பின்பக்கம் கை காட்டினாள்.

"எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் வேன்ல எங்க எல்லாருக்கும் இந்த மூஞ்சிதேன்."

தகரக் கதவு போட்ட சின்னக் கழிவறை. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. கொண்டி சரியாகப் பிடிக்காது என்று சொல்லி, அவள் வெளியே முதுகைக் காட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே நான் அழுதேன். நிம்மதியிலா, அவமானத்திலா என்று கேட்டால் இரண்டிலும்தான்.

கம்பங்கூழும் மோர் மிளகாயும் கொண்டுவந்து வைத்தாள். தொடாமல் சொன்னேன். "அந்த போர்டுல சுத்தமா வச்சுக்கணும்னு எழுதல."

"வேல போனப்பவே அது தெரிஞ்சுபோச்சேக்கா. என்னதேன் எழுதிருக்கு? வாயால சொல்லுங்க."

ஜெயபால் கடையில் மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சிரித்தோம். இங்கே ஒரு வார்த்தை கிளம்ப மறுத்தது. "வேலை செய்யறவங்க... உள்ள வரக் கூடாதுன்னு."

"அம்புட்டுத்தேனா?"

"கண்டிப்பா வரக் கூடாதுன்னு."

"யாரு எழுதச் சொன்னது? அண்ணனா?"

"இல்ல. அவன் விருந்தாளிக்கு மட்டும்னு போடத்தான் சொன்னான். இது நான் சொன்னது."

அவள் ஒரு காயைப் பறித்தாள், இன்னொன்றைப் பறித்தாள். "அன்னைக்கு ஒங்ககிட்ட கேட்டேன்ல. இதச் சொல்லிருந்தா நான் போயிருக்க மாட்டேன். வேலயும் போயிருக்காது."

"அவர் கேட்டப்ப நீ ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கல?"

என்னைக் காப்பாற்றினாள் என்றுதான் இரண்டு நாளாக நினைத்திருந்தேன். அவள் சொன்னாள்: "நீங்க நின்ன நெலையப் பாத்தேன். சொன்னா நான் சொல்லவே இல்லேன்னுருவீக. வேல போறது போதாதுன்னு பொய்காரிங்கிற பேரும் எனக்கு எதுக்கு?"

அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"தம்பிகிட்ட பேசறேன். வேலைக்கு வா" என்றேன்.

"எனக்கு வேல வேணும். ஆனா அதத் தமிழ்ல எழுதிப் போடச் சொல்லுங்க, பெரிய எழுத்தா. எல்லாரும் படிக்கட்டும். படிச்சுட்டு வாரதா வேணாமான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்."

கூழைக் குடிக்கும்வரை விடவில்லை. பசியோடு ஒரு ஆளை அனுப்பிய பேரும் தனக்கு வேண்டாம் என்றாள்.

திங்கட்கிழமை மறுபடி நாகமலை புதுக்கோட்டை. பதினெட்டுப் பலகைகளும் கால் மணி நேரத்தில் தமிழுக்கு வந்துவிட்டன. பூ அணியாதீர்கள், வளையல் அணியாதீர்கள். எந்தத் தகராறும் இல்லை. பத்தொன்பதாவதை ஜெயபால் தட்டினார்: 'தொழிலாளர்கள் இந்தக் கழிவறையைப் பயன்படுத்தக் கண்டிப்பாகத் தடை.'

செல்வம் திரையைப் பார்த்தான். "கொஞ்சம் கொறைங்க சார்."

'தொழிலாளர்களுக்கு அனுமதி இல்லை.'

"இன்னும் கொஞ்சம்."

'பணியாளர்கள் அன்புகூர்ந்து வேறு கழிவறையைப் பயன்படுத்தவும்.'

ஆய்வேடு அச்சடிக்கக் காத்திருந்த ஒரு மாணவி எட்டிப் பார்த்துவிட்டு, "வேற கழிவறை எப்படி இருக்கும் அங்கிள்?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். செல்வம் திரையை விட்டுத் திரும்பினான். "இத மாட்டுனா நாளைக்கு வேன் காலியாத்தேன்க்கா வரும்" என்றான் என்னிடம்.

அங்கேயே, ஜெயபாலும் அந்தப் பெண்ணும் கேட்கும்படி, நடந்ததைச் சொன்னேன். பாண்டியம்மா கேட்டது, நான் சொன்ன பொய், வெள்ளிக்கிழமை தரையைப் பார்த்தது, எல்லாம். செல்வம் என்னைப் பார்த்த பார்வையை நான் சின்ன வயதிலும் அவனிடம் பார்த்ததில்லை.

"நானாவது கோவத்துல கத்துனேன். நீ பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தியேக்கா" என்றான்.

பிறகு ஜெயபாலிடம், "பதினெட்டு மட்டும் அடிங்க சார்" என்றான். அன்றைக்குச் சாயங்காலமே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இங்கிலீஷ் பலகையையும் அவனே கழற்றினான். வேலைக்கு வரலாம், புதுக் கழிவறை எல்லோருக்கும் என்று கணக்குப்பிள்ளையைவிட்டுப் பாண்டியம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லச் சொன்னான். மனம் மாறினானா, வேன் காலியாக வரும் என்று பயந்தானா, எனக்குத் தெரியாது. கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை நான் சிங்கப்பூர் திரும்பும் நாள். காலையில் ஷெட்டுக்குப் போனேன். பலகை இருந்த இடத்தில் டைல்ஸில் நான்கு ஓட்டைகள், நடுவில் பசைக் கறை. ஈரத்துணியை எடுத்துக் கழிவறை வாசலில் நின்று தேய்த்தேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதானே.

வேன் வந்தது. பாண்டியம்மாவும் வந்தாள். பத்து மணிவாக்கில், நான் இன்னும் அந்தக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இலைக் குவியலை விட்டு எழுந்தாள். பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். பிறகு என்னை நோக்கி வந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

முன்பெல்லாம் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா மேடம்? வழியில நிக்கிறீங்க."

தள்ளி நின்றேன்.